இரண்டு நிமிடம் அசையக் கூடாது

மூன்றாவது தடவையாக அந்தப் பவளத்துண்டு பாறையை விட்டு விழுந்து, கண்ணாடித் தொட்டி மணலில் குப்புறக் கிடந்தது. நேற்றுச் சாயங்காலம் மந்திரமூர்த்தி அதைத் தன் கையால் ஒட்டி, வாட்ச்சைப் பார்த்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்து, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தான். ஜெயசித்ரா பக்கத்தில்தான் நின்றாள். விழ வழியே இல்லை. ஆனால் விழுந்திருக்கிறது. அதுவும் பசை முழுக்கப் பவளத்தோடு வந்திருக்க, பாறையின் ஊதாத் தோலும் கொஞ்சம் அதோடு பிய்ந்து வந்திருந்தது.

வெளியே சாரல். குற்றாலத்தில் ஐந்தருவியும் கொட்டுகிறது என்று ஊர் உலகமே வண்டி கட்டிக்கொண்டு வர, மேலகரத்து இந்த வீட்டு ஹாலில் மட்டும் வருஷம் பூராவும் கடல் வாடை. மோட்டார் சத்தம், குமிழி சத்தம், நீல விளக்கு, சுவரெல்லாம் ஆடுகிற தண்ணீர் நிழல். பெண்டாட்டிக்குத் தலைவலி மாத்திரை வாங்கிவர மறக்கிற மகானுபாவன், இந்தத் தொட்டிக்கென்றால் கொல்லத்திலிருந்து ரயிலில் கேன் கேனாகக் கடல்தண்ணீர் வரவழைப்பான். இப்போதும் அதை இறக்கத்தான் செங்கோட்டை ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறான்.

அவன் இல்லாத இந்த மதியத்துக்காகத்தான் ஜெயசித்ரா இரண்டு மாதமாகக் காத்திருந்தாள். கட்டிலுக்கடியில் பை தயார். நாலு சேலை, ஆதார் கார்டு. மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துத் தென்காசி, அங்கிருந்து சுரண்டை, அம்மா வீடு. அப்புறம் செத்தாலும் திரும்பி வருவதில்லை. அவன் முதல் சம்சாரம் முத்துவடிவும் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒரு மதியம் சொல்லாமல் போனாளாம். பிறகு யார் கண்ணிலும் படவே இல்லை. பிழைத்துப்போன மகராசி என்று ஜெயசித்ரா நினைத்துக்கொள்வாள்.

போன் அடித்தது.

"ஏட்டி, பவளம் நிக்குதா?"

"நிக்குதுங்க."

"ரயில் லேட்டு. அரை மணி கழிச்சு வீடியோ கால் போடுதேன், காட்டு. விழுந்து கிடந்துச்சுன்னா, கேனும் மண்ணும் வேண்டாம்னு நேரா வீட்டுக்கு வந்திருவேன்."

சொன்னால் செய்வான். போன மாதம் விழுந்தபோது அவள்தான் தட்டிவிட்டாள் என்று, அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு சொட்டுப் பசை விட்டு, வாட்ச்சைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டான். "அசையாத. இப்ப தெரியுதா எப்படிப் பிடிக்கும்னு?" விரலைப் பிரித்தபோது தோல் போனது. அன்று ராத்திரி அதே கையால்தான் புளி கரைத்தாள்.

ஒட்டிவிட வேண்டும். காட்டிவிட வேண்டும். போய்விட வேண்டும். கட்டிலுக்கடியிலிருந்து பையை எடுத்துக் கதவோரம் வைத்தாள். பசை டப்பாவைத் திறந்தாள். சூப்பர் க்ளூ ஜெல். தண்ணீர் பட்டால்தான் இறுகும். இரண்டு நிறத்தைப் பிசைந்து அப்புகிற எபாக்சி புட்டி. மூலையில் பாத்ரூம் சந்து அடைக்க வாங்கிய சிலிக்கான். சாரல் காலத்தில் சுவரில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அதில் மருந்து கலந்திருக்கிறது, அதைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோனால் கையை ஒடிப்பேன் என்று சொல்லியிருந்தான். அதைத்தான் அவள் கை முதலில் எடுத்தது. ஒரு பட்டை தேய்த்தால் போதும், அவன் ஆசை ஆசையாய் வளர்த்ததெல்லாம் நாலு நாளில் வெள்ளையாய்ச் செத்துக் கிடக்கும். எடுத்துவிட்டு வைத்துவிட்டாள். பாவம், வாயில்லாத ஜீவன்கள் அவளுக்கு என்ன செய்தன? ஜெல்லை எடுத்தாள்.

அந்தப் பாறை இஞ்சிக் கிழங்கு மாதிரி ஐந்து முண்டாகக் கிளைத்திருக்கும். அடியில் ஒரு பச்சைக் கோடு சுற்றி ஓடும். பாசி, தேய்க்காதே என்பான். பவளத்தின் அடியைத் துடைத்து, ஜெல் வைத்து, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, முண்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நூற்றிருபது வந்ததும் கையை எடுத்தாள்.

வரவில்லை.

பசை பட்டிருக்கும் என்று மெதுவாகத் திருகினாள். பவளம் உருண்டு மணலில் விழுந்தது. பசை எல்லாம் அதோடு போய்விட்டது. அவள் விரல்களில் ஒரு பொட்டுகூட இல்லை.

கை மட்டும் வரவில்லை.

பார்த்தாள். அவள் விரல்களுக்கு இடையில் அந்த முண்டுகள். முன்பைவிட நெருக்கமாக. இழுத்தாள். அவை இறுகின. ஊதாத் தோல் வெடித்து ஒரு துளி மேகம் போலத் தண்ணீரில் கலந்தது. உள்ளே வெள்ளை.

போன் அடித்தது. மேசை நாலு எட்டுத் தூரம். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஓய்ந்தது. அப்புறம் அடிக்கவே இல்லை.

"விடு தாயி," என்றாள் அழுதுகொண்டே. யாரைச் சொல்கிறோம் என்று தெரியாமலே. "விட்ரு, நான் போயிருதேன்."

தெருமுனையில் பஸ் ஹாரன். நின்றது. கிளம்பியது.

பாறையை உடைக்க இடது கையால் அடியைப் பிடித்து உலுக்கினாள். பச்சைக் கோட்டின் மேல் படிந்திருந்தது உதிர்ந்தது. பாசி இல்லை. கண்ணாடி வளையல்.

பைக் சத்தம். கதவு. ஈரச் செருப்பு.

மந்திரமூர்த்தி ஹால் நடுவில் நின்று பார்த்தான். அவளை, தொட்டியை, கதவோரம் வைத்திருந்த பையை. கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, டப்பாவிலிருந்து எபாக்சி புட்டியை எடுத்து, இரண்டு நிறமும் ஒன்றாகும் வரை நிதானமாகப் பிசைந்தான்.

"அவளும் பையைத் தூக்கிட்டுத்தான் நின்னா," என்றான். "பயப்படாதட்டி. இது உயிருக்கு ஒண்ணும் செய்யாத பசை."

அவள் மணிக்கட்டைச் சுற்றிப் புட்டியை அப்பி, வாட்ச்சைப் பார்த்தான்.

தண்ணீருக்குள், அவள் விரல்களின் மேல் படுத்திருந்த ஐந்து முண்டுகளில் ஒன்று மெல்ல எழுந்து, அவள் கட்டைவிரலில் தோல் போன இடத்தைத் தடவிக் கொடுத்தது.