மறைப்புச் சேலைக்கு அந்தப் பக்கம்

குணத்தின் ஸ்டூடியோவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. காரைதீவில் கோயிலுக்குப் பக்கத்து வீதியில், அவனுடைய வீட்டின் பின்னறைதான் ஸ்டூடியோ. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தான். கதவைச் சாத்திவிட்டால் வெளியே வெயில் கொளுத்துவதே மறந்துபோகும்.

சாய்ந்தமருதுப் பெடியன்கள் சேர்ந்து எடுத்த படத்துக்கு நான்தான் கதாநாயகன். ஜின் பிடித்த வீட்டில் ஓதி அதை விரட்டும் மௌலவி வேடம். வெள்ளிக்கிழமைகூடப் பள்ளிவாசலுக்குப் பிந்திப் போகும் முர்ஷிதுக்கு மௌலவி வேடமா என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். படத்தில் ஒரு தாலாட்டு வரும். அது எங்கள் வீட்டுப் பாட்டு, நான்தான் இயக்குநர் ஸஜாத்துக்குச் சொல்லிக் கொடுத்தேன். படத்தில் கொழும்புப் பாடகி ஒருத்தி பாடியிருந்தாள். குரல் வழவழவென்று இருந்ததே தவிர, ஒருவரும் பயப்படவில்லை.

"நீங்களே ஒரு கவர் பாடி யூடியூப்ல போடுங்க காக்கா. படம் வாறத்துக்கு முதல் ஊரே நடுங்கணும்" என்றான் ஸஜாத். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.

பாடினேன். குணம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணன். ஆனா உசிர் இல்ல."

நான் என் போனிலிருந்து ஒரு பதிவை அவனுக்கு அனுப்பினேன். இதை அடியில் போடு என்றேன். ஒரு பெண் வாய்க்குள் அதே தாலாட்டை முனகுகிறாள். இடையிடையே தண்ணீர் ஊற்றும் சத்தம். குணம் கண்ணை மூடிக் கேட்டான். அவன் கை மயிர் எழுந்து நிற்பதைப் பார்த்தேன்.

"ஆர் அண்ணன் இது? என்ன கழுவுறா?"

"எங்கட மாமி ஒராள். பாத்திரம் கழுவுறா."

சொல்வதற்கு எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நடிகன் அல்லவா.

அது பாத்திரம் இல்லை.

என் தங்கச்சி நஜ்லா.

மூன்றரை வருடத்துக்கு முன் ஐந்து நாள் காய்ச்சலில் அவள் மௌத்தாகிப்போனாள். நிந்தவூரில் அவளுடைய வளவில், கிணற்றடிப் பக்கம் நாலு பக்கமும் சேலை கட்டி மறைத்து, பலகையில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். குளிப்பாட்டியது நபீஸா மாமி. அந்தப் பகுதியில் இறந்துபோகும் பெண்களின் மையத்துக்கெல்லாம் அவதான். நான் மறைப்புக்கு வெளியே வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தேன். இலந்தை இலையும் கற்பூரமும் மணத்தன. வீட்டுக்குள் நஜ்லாவின் எட்டு மாதப் பிள்ளை அம்ஹா வீரிட்டு அழுதாள். பால் குடிக்கும் நேரம் அது. யார் தூக்கியும் அடங்கவில்லை. அப்போது சேலைக்கு அந்தப் பக்கம் நபீஸா மாமி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே, நஜ்லா பிள்ளைக்குப் பாடும் தாலாட்டை முனகத் தொடங்கினா.

*கடற்காத்தே கடற்காத்தே, கதவத் தட்டாதே…*

பிள்ளை அழுகையை நிறுத்திற்று.

தவறிக் கை பட்டுப் பதிவாகிவிட்டது என்று பிறகு ராத்தாவிடம் சொன்னேன். பொய். இப்படி ஒரு சத்தம் இனி ஆயுளுக்கும் கிடைக்காது என்று அந்த நேரத்தில் நினைத்தவன் நான். போனை எடுத்து, பதிவை அழுத்தி, சட்டைப் பையில் போட்டேன். கபன் துணி சுற்றி முடித்து, சொந்தக்காரரைக் கடைசியாக முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். குனிந்து அவள் முகத்தைப் பார்த்து அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை. ஆனால் அப்போதும் பையில் போன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

குணம் ஹெட்போனைக் கழற்றினான்.

"அண்ணன், கற்பூர மணம் வருது."

"கோயில்ல பூசையாக்கும்."

"இந்த நேரத்தில நடை சாத்திக் கிடக்கும்" என்றான். பிறகு வேலையை முடித்தான்.

பாட்டு வியாழக்கிழமை வெளிவந்தது. சனிக்கிழமைக்குள் மூன்று லட்சம் பேர் கேட்டுவிட்டார்கள். கல்முனை பஸ் நிலையத்தில் ஓட்டோக்காரர்கள் அதைத்தான் போட்டார்கள். புல்லரிக்கிறது, நித்திரை போய்விட்டது என்று எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையோடுதான் சனி பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிந்தவூருக்குப் போனேன்.

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். நஜ்லாவுக்குப் பிறகு அது அம்ஹாவின் வீடு. என் அக்கா ஹாஜறா ராத்தா அங்கேயே வந்திருந்து பிள்ளையை வளர்க்கிறா. கேற்றைத் திறந்தபோது நாலு வயது அம்ஹா கிணற்றடி மணலில் குந்தியிருந்தாள். அவளுக்கு முன்னால் மணலில் துவாய், தலையணை உறை, அவளுடைய சட்டைகள், ராத்தாவின் சால்வை எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து நீளமாக விரித்திருந்தன.

ஒரு ஆள் நீளம்.

"என்ன மகள் செய்ற?"

"உம்மாவ மூடுறன்."

சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. பலகை போட்ட இடம் அதுதான். அதை அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் காட்டியதில்லை.

"மாமாட பாட்டுக் கேட்டா உம்மா வாறா" என்றாள் அவள் மெதுவாக. "உடுப்பில்ல. எல்லாரும் பாக்குறாங்களாம். குளிருதாம்."

அவள் கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது. நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

ராத்தா குசினி வாசலில் நின்றா. "வியாழக்கிழமையில இருந்து இப்பிடித்தான் தம்பி. ஊட்டுல ஒரு துணி மிச்சமில்ல. நித்திரையில்லாம புள்ள உருகுறாள்."

அப்போது வீதியில் ஒரு ஓட்டோ வந்தது. என் பாட்டு.

ஓட்டோ எங்கள் கேற்றைத் தாண்டவில்லை. அதற்குள் மணம் வந்துவிட்டது.

இலந்தை இலை.

கற்பூரம்.

ஒரு மாதமாக மழையில்லாத மணல். அதன்மேல் கிடந்த துணிகள் நடுவிலிருந்து நனையத் தொடங்கின. மேலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. ஈரம் கீழிருந்து ஊறி வந்தது. தோள் தெரிந்தது. முழங்கால் தெரிந்தது. துணி எட்டாத இடத்தில், மணலில், இரண்டு குதிகால் பதிந்த குழியில் தண்ணீர் நின்றது. அம்ஹா ஓடிப்போய்த் தன் கழுத்துச் சால்வையை அவிழ்த்து அந்தக் கால்மாட்டில் போட்டாள்.

நான் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் ராத்தாவிடம் கொட்டினேன். கை பட்டுவிட்டது என்ற பொய்யையும் சேர்த்து. ராத்தா ஏசவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு நபீஸா மாமி வீட்டுக்கு நடந்தா. நான் பின்னால் போனேன். அந்த நூறு அடி தூரத்தை என்னால் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

நபீஸா மாமி போனில் பாட்டைக் கேட்டா. பாதியிலேயே போனை என் பக்கம் தள்ளிவிட்டா.

"மையத்துல கண்டத, அங்க கேட்டத வெளிய உடக்கூடா மனே. அது அமானிதம், நம்பி ஒப்படைச்சது. எத்தின பொம்புளயளக் குளிப்பாட்டி இருக்கன். எண்ட புருசனுக்கிட்டயும் ஒண்டும் சொன்னதில்ல." அவ என் பக்கம் திரும்பி நிமிர்ந்தா. "நான் அவள ஒரு நிமிசமும் தொறந்து வைக்கல்ல. துணிக்குக் கீழாலதான் தண்ணி ஊத்தின. நீ என்ன வேல செஞ்சிருக்காய்?"

நான் போனை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

"மறுகா, அந்தப் புள்ளைய மூட உடாத. தொறந்தவன்தான் மூடணும்."

அன்றைக்கே பாட்டை அழித்தேன். அதற்குள் ஆயிரம் பேர் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பாட்டைத் தயவுசெய்து கேட்காதீர்கள், யாரிடமாவது இருந்தால் அழித்துவிடுங்கள் என்று கண்ணீரோடு ஒரு வீடியோ போட்டேன். படத்துக்கு விளம்பரம் என்று நினைத்தார்கள். என்ன நடிப்பு என்று பாராட்டினார்கள். ஸஜாத் போன் எடுத்து, "காக்கா, இது படத்த விட மேல" என்றான். கேட்பவர்கள் இரண்டு மடங்கானார்கள்.

அது பாட்டில்லை, என் தங்கச்சியின் மையத்துக் குளிப்பாட்டு என்று உண்மையைச் சொன்னால் நிறுத்துவார்களா? நிறுத்தமாட்டார்கள். அதற்கென்றே தேடிக் கேட்பார்கள். சொன்னாலும் அவள்தான் வெளியே கிடப்பாள், சொல்லாவிட்டாலும் அவள்தான். வெட்கம் என்றால் என்னவென்று நான் முப்பத்தொரு வயதில்தான் படித்தேன். பெயர்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். பாட்டைத் தேடாதீர்கள்.

கல்முனை பஸாரில் ஐந்து முழம் வெள்ளைத் துணி வாங்கினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, வெயில் மணலைச் சுடும் நேரத்தில், ராத்தாவையும் அம்ஹாவையும் உள்ளே இருக்கச் சொல்லிவிட்டுக் கிணற்றடியில் காத்திருந்தேன். அதிக நேரம் காக்க வேண்டியிருக்கவில்லை. எங்கோ, யாரோ, கேட்டார்கள்.

மணம் வந்தது. மணல் கறுத்தது.

முகத்தைத் திருப்பிக்கொண்டு கால்மாட்டிலிருந்து துணியைப் போர்த்தினேன். துணி மணலில் படியவில்லை. கைக்கு ஆள் தட்டுப்பட்டது. கழுத்துவரை இழுத்துவிட்டு நிறுத்தினேன். அன்றைக்கு முகம் பார்க்கக் கூப்பிட்டபோது அப்படித்தான் விட்டிருந்தார்கள்.

"நஜ்லா, என்ன மன்னிச்சிக்க" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்கப் போனேன்.

துணி என் விரலிலிருந்து நழுவியது.

உள்ளிருந்து யாரோ இழுத்தார்கள். அவசரமாக இல்லை, மெதுவாக. தாடை மறைந்தது, நெற்றி மறைந்தது, தலைமாட்டுவரை துணி இழுபட்டு இறுகியது. அந்நிய ஆணைக் கண்ட பெண் மூடிக்கொள்வதுபோல என் தங்கச்சி என்னிடமிருந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பின்னால் கதவு திறந்தது. சொல்வழி கேளாமல் அம்ஹா வாசலில் வந்து நின்றாள். அவள் நின்ற பக்கம் துணியின் ஓரம் கொஞ்சம் உயர்ந்தது.

"உம்மா" என்று சிரித்தாள் பிள்ளை.

என் பக்கம் அது இறுகியபடியே கிடந்தது.