காகம் இல்லாத அமாவாசை

இலையின் ஓரத்தில் பல் பதிந்திருந்தது.

பாக்கியம் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மதிலின் மேல் அவள் முந்தின நாள் வைத்த சோற்றில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. வாழையிலைத் துண்டு மட்டும் ஈரமாக, உப்பு வாடையோடு கிடந்தது. நாய் ஏற முடியாத உயரம். காகத்துக்கோ பல் கிடையாது. அதுவும் தேர் ரூஜ் கிராமத்தில் இப்போது காகமே கிடையாது.

எல்லாம் கிராம சபைக் கூட்டத்தின் கைங்கரியம். அந்தத் தீவு நாட்டில் அப்போதுதான் எல்லோருக்கும் ஓட்டு வந்திருந்தது. கையைத் தூக்குவதில் ஜனங்களுக்கு அப்படி ஒரு ஆசை. காகம் கோழிக்குஞ்சைத் தூக்குகிறது, தண்ணீர்த் தொட்டியில் எலும்பைப் போடுகிறது என்று ஆளுக்கொரு புகார் சொன்னார்கள். இனி யாரும் வெளியே சோறு வைக்கக்கூடாது, இருக்கிற காகங்களை மருந்து வைத்து ஒழிக்க வேண்டும் என்று தலைவர் நாகலிங்கம் தீர்மானம் வாசித்தார்.

பாக்கியம் எழுந்தாள். "காக்காவுக்கு வைக்காம அமாவாசைக்கு எப்படிண்ணே சாப்பிடறது?"

"கோயில்ல கும்பிட்டுக்க தங்கச்சி. காலம் மாறிப்போச்சு."

"என் புருஷன் கடல்ல கிடக்கிறாரு. எரிக்க உடம்புகூட கிடைக்கல. அவருக்கு நான் வேற எப்படிச் சோறு போடுவேன்?"

தீர்மானத்துக்குக் கைகள் உயர்ந்தன.

அவள் கணவன் விநாயகம் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை ஏற்றும் படகிலிருந்து விழுந்து செத்தவன். அதிலிருந்து அமாவாசைதோறும் காகம் வாய் வைத்த பிறகுதான் அவள் சாப்பிடுவாள். மருந்து தின்ற காகங்கள் மாமரத்தடியில் செத்துக் கிடந்தபோதும் அவள் அடங்கவில்லை. தினமும் வைப்பேன், வந்து பிடிக்கட்டும் என்று வீம்புக்கே வைத்தாள்.

அன்று அமாவாசை. அவள் பருப்பைத் தாளித்துக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு ஜிசெல் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"மோ போந்தியே, என் கடவுளே, பாக்கியம்! மத்தியானத்துல உன் மதிலுக்குப் பின்னால வந்து நிக்கிறவங்க யாரு? எல்லாரும் ஏன் நனைஞ்சிருக்காங்க?"

"எனக்குத் தெரியாது."

"இன்னிக்கு வைக்காதே."

"வைப்பேன்," என்றாள் பாக்கியம்.

உச்சிவெயிலில் தகரக் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருக்க, கரும்புத் தோட்டத்துப் பக்கமிருந்து வந்த காய்ந்த சோகையின் மணத்துக்கு அடியில் துறைமுகத்துச் சேற்று நாற்றம் மெல்ல மெல்ல ஏறிவர, அவள் சோறும் பருப்பும் ஒவ்வொரு கறியிலும் கொஞ்சமும் இலையில் எடுத்துக்கொண்டு, பானையையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு மதிலருகே போய் வழக்கம்போலக் கூப்பிட்டாள்.

"கா... கா..."

கூரைச் சத்தம் நின்றது. காற்றும் நின்றது.

"கா," என்றது மதிலின் மறுபுறம். மனிதத் தொண்டை.

விநாயகம் எழுந்தான். வெளுத்து ஊறிய முகம். இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் சிறகு போல் ஒடுக்கியிருந்தான். தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தான். குனிந்தான். கொத்தினான். மறுபடி கொத்தினான்.

பயமா? பயம்தான். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம். அவர் சாப்பிடுகிறார். அவள் காலை நகர்த்தவில்லை.

அப்புறம் இன்னொரு தலை. இன்னொன்று. மதில் முழுக்கத் தலைகள். ஊர் சட்டத்துக்குப் பயந்து பிள்ளைகள் சோறு வைக்காமல் விட்ட செத்தவர்கள் எல்லோரும். முன்னால் நின்றது நாகலிங்கத்தின் செத்துப்போன அம்மா. "கா." "கா." "கா." பாக்கியம் அள்ளி அள்ளி வைத்தாள். பானை காலியானது. தலைகள் சாய்ந்தன. அவள் விரல்களைப் பார்த்தன.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒருத்தி எத்தனை பேருக்குப் பொங்குவேன்? உங்களுக்குப் போட வேண்டியவங்க கையைத் தூக்கிட்டு வீட்ல உக்காந்து திங்கறாங்க. அங்க போங்க!"

தெருப்பக்கத்துப் படலைத் திறந்துவிட்டாள். மதிலைத் தாண்டித் தத்தித் தத்தித் தெருவுக்குப் போனார்கள். ஒரு வாசலில் ஒன்று. அடுத்த வாசலில் ஒன்று. விநாயகம் மட்டும் போகவில்லை. அவள் தெருவில் இறங்கினாள்.

எதிர் வீட்டு ஜன்னலில் நாகலிங்கம் தெரிந்தார். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் வாயில் சோறு. வாய் திறந்தபடியே நின்றுபோயிருந்தது. பின்னால் அவர் அம்மா, கைகளை ஒடுக்கி, மகன் தோளுக்கு மேல் குனிந்தாள். தட்டை அவள் பார்க்கவே இல்லை. அவர் வாய்க்குள் கொத்தினாள். மெதுவாக, ஒவ்வொரு பருக்கையாக. சோறு தீர்ந்த பிறகும் கொத்திக்கொண்டே இருந்தாள்.