மூணாவது குப்பிக்கு விழுந்த கை

"அய்யோ... அவிய விழுந்துட்டாவளே!"

லீலாபாயின் அலறல் கண்ணாடிக் கதவைத் தாண்டி பாறசாலை சந்தை வரைக்கும் கேட்டது.

கிளினிக்குக்குள்ளே பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே அவளுடைய கணவர் பொன்னுதாஸ் குப்புறக் கிடந்தார். வயசு ஐம்பத்தெட்டு. முதுகுவலிக்கு வைத்தியம் பார்க்க வந்த மனுஷன். உதட்டோரம் நுரை!

வைத்தியன் ரெனில் நாடி பிடித்துப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

ரெனில் செய்வது கைரோபிராக்டிக். முதுகெலும்பை நிமிர்த்துகிற வைத்தியம். கூடவே ஒரு சோதனையும் உண்டு. நோயாளி ஒரு கையை நீட்ட வேண்டும். மறு கையில் மருந்தோ தின்பண்டமோ கொடுப்பான். நீட்டின கையை ரெண்டு விரலால் அமுக்குவான். கை உறுதியாக நின்றால் அந்தப் பொருள் உடம்புக்கு ஆகும். விழுந்தால் ஆகாது. மசில் டெஸ்ட்!

'இதெல்லாம் ஒரு வைத்தியமா?' என்று சிரிக்கிறவர்களும் இருந்தார்கள். சிரித்துவிட்டு, மறுநாள் அவர்களே வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ஆம்புலன்ஸ் வந்தது. பொன்னுதாஸையும் லீலாபாயையும் ஏற்றிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் பறந்தது.

அரை மணி நேரம் கழித்து ஒரு துணிப்பையோடு ஓடி வந்தான் ரெத்தினதாஸ். பொன்னுதாஸின் ஒரே தம்பி.

"டாக்டரே! அண்ணன் காலையில வாயில வச்சதெல்லாம் கொண்டு வந்திருக்கேன். எது ஆகல்லேன்னு சோதிச்சுச் சொல்லுங்க!"

"அண்ணன் இங்க இல்லியே?"

"ஆளு வர முடியல்லேன்னா ரத்தசொந்தம் கை நீட்டினா போதும்னு நீங்கதானே சொல்லுவிய?"

உண்மைதான். கைக்குழந்தைக்காகத் தாய் கை நீட்டுவாள். படுக்கையில் கிடக்கிற அப்பாவுக்காக மகன் நீட்டுவான். ரெனில் அப்படித்தான் செய்து வந்தான்.

பையில் நாலு சாமான். கஷாயம், தேன், சீரகத் தண்ணி, மோர்.

நர்ஸ் செல்லபாய் திரைக்குப் பின்னால் போனாள். நாலையும் ஒரே மாதிரி குப்பிகளில் கழுத்து வரை ஊற்றினாள். வெள்ளைத் துணி சுற்றி, மாற்றி மாற்றி வைத்துக் கொண்டு வந்தாள். எதில் என்ன இருக்கிறதென்று ரெனிலுக்கும் தெரியாது, கை நீட்டுகிறவனுக்கும் தெரியாது. கண் பார்த்தால் மனசு பேசிவிடும் என்பது ரெனிலின் கட்சி.

சந்தைக் கூட்டம் பாதி கிளினிக் வாசலில் நின்றது.

"கஷாயமாத்தான் இருக்கும்" என்றது ஒரு குரல்.

ரெத்தினதாஸ் கையை நீட்டினான்.

முதல் குப்பி... கை நின்றது.

ரெண்டாவது... நின்றது.

மூணாவது...

தொப்பென்று விழுந்தது!

ரெனில் துணியை அவிழ்த்தான்.

தேன்!

"தேனா?" கூட்டம் வாயைப் பிளந்தது.

"அது லீலாபாய் மைனிக்க அம்மை வீட்டுத் தேனாக்கும்!" ரெத்தினதாஸ் தலையில் அடித்துக்கொண்டான். "ஒற்றசேகரமங்கலத்துல இருந்து வந்தது. மைனிக்குச் சுகர்... தொட மாட்டாவ. கஷாயம் குடிச்ச கசப்புக்கு அண்ணன் மட்டுந்தான் நக்குவாரு!"

அப்போது ரெனிலின் செல்போன் அலறியது. ஆஸ்பத்திரியிலிருந்து...

பொன்னுதாஸ் செத்துப்போயிருந்தார்.

மூன்றாம் நாள் காலை. போலீஸ் ஸ்டேஷன்.

லேப் ரிப்போர்ட்டை இன்ஸ்பெக்டர் பிரசீதா ரெண்டாவது தடவையாகப் படித்தாள். கஷாயம் சுத்தம். மோர் சுத்தம். சீரகத் தண்ணி சுத்தம். தேனில் விஷம்! ஊரே ரெனிலின் கிளினிக்கைக் கையெடுத்துக் கும்பிட்டது.

எதிரே லீலாபாய். மூன்று நாளாகச் சீவாத தலை.

"மூணு மணிக்கு உங்களைக் கோர்ட்டுக்குக் கொண்டு போகணும்" என்றாள் பிரசீதா.

"நாலு மணிக்கு அவியளுக்கு அடக்கம் மேடம்..." லீலாபாய் மேசை விளிம்பைப் பிடித்தாள். "பெட்டி மூடுறதுக்கு முந்தி ஒரு தடவை முகத்தைப் பாக்கணும். ஒரு பிடி மண்ணு போடணும். பிறகு என்னைத் தூக்குல வேணும்னாலும் போடுங்க!"

"கொன்ன கையால மண்ணு போட விடமாட்டோம்னு சர்ச்சு சபைக்காரங்க சொல்லுதாங்க."

"நான் கொல்லல்ல மேடம்! முப்பது வருஷம் அவியளுக்குச் சோறு விளம்பின கையாக்கும் இது!"

பிரசீதா மறுபடியும் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கண்ணீரை எங்கே ஒட்டுவது?

வாசலில் நிழல் விழுந்தது. ரெனில்! சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"மேடம்... ஒரு காரியம் நான் மறைச்சுட்டேன்."

"என்ன?"

"அண்ணைக்கு மூணாவது குப்பிக்கு நான் அமுக்கவே இல்ல. விரலு தொட்டதும் கை தானா விழுந்துட்டு. ஆயிரம் கை அமுக்கினவனாக்கும் நான். தளர்ற கை மெள்ளக் குழையும். இது... வேணும்னே போட்ட மாதிரி விழுந்தது!"

"அப்பவே ஏன் சொல்லல்ல?"

"சொன்னா டெஸ்டே பொய்யின்னு ஆகிருமே மேடம். எனக்கு வேற தொழிலு தெரியாது."

"இப்ப மட்டும்?"

ரெனில் லீலாபாயைப் பார்த்தான். தலை குனிந்தான். "உறக்கம் வரல்ல மேடம்."

"ஆனா துணி சுத்தியிருந்துதே? உள்ள என்னன்னு ரெத்தினதாஸுக்கு எப்படித் தெரியும்?"

"அதுதான் எனக்கும் விளங்கல்ல."

பிரசீதா அலமாரியைத் திறந்தாள். அந்த நாலு குப்பிகள்! லேபுக்குச் சிறிது எடுத்தது போக மிச்சம் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒன்று... ரெண்டு... மூன்று...

சட்டென்று நிறுத்தினாள்.

மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்!

மதியம் ஒரு மணி.

அடக்கத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றான் ரெத்தினதாஸ்.

"கோர்ட்டுக்குச் சாட்சி வலுவா இருக்கணும்" என்றாள் பிரசீதா. "அதே நாலு சாமான். எல்லார் முன்னாலயும் இன்னொரு தடவை கை நீட்டுவியளா?"

"அண்ணனுக்காக எத்தனை தடவை வேணும்னாலும் நீட்டுவேன் மேடம்!"

துணி சுற்றின நாலு குப்பி. ரெனில் ரெண்டு விரலை நீட்டினான். மூலையில் லீலாபாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் குப்பி... நின்றது.

ரெண்டாவது... தூண் மாதிரி நின்றது.

மூணாவது... நின்றது.

நாலாவது...

தொப்!

"பாத்தியளா மேடம்? தேனு!" ரெத்தினதாஸ் கத்தினான்.

"துணியை இன்னும் அவிழ்க்கவே இல்லியே?"

"அது... கை விழுந்துதே! அப்ப விஷந்தானே..."

பிரசீதா துணியை அவிழ்த்தாள். தேன்தான்! ஒரு ஸ்பூன் நிறைய ஊற்றினாள்.

வாயில் போட்டுக்கொண்டாள்!

"மேடம்!" ரெனில் அலறினான்.

"பயப்படாதீங்க டாக்டரே. என் வீட்டுத் தேனாக்கும். காலையில மக தோசைக்குத் தொட்டது." உதட்டைத் துடைத்தவள், ரெண்டாவது குப்பியின் துணியை உருவினாள். "இதுதான் உங்க அண்ணன் நக்கின விஷத்தேன். கொஞ்சமா எடுத்து, நிறைய பச்சத் தண்ணியில கலக்கியிருக்கு. இதுக்கு உங்க கை அசையவே இல்லியே, ரெத்தினதாஸ்?"

ரெத்தினதாஸின் முகத்தில் ரத்தம் வற்றியது.

"உங்க கைக்கு விஷம் தெரியாது. தேன் தெரியும்! எத்தனை துணி சுத்தினாலும் தண்ணியைக் காட்டிலும் தேன் கனக்கும். இண்ணைக்குத் தேன்ல விஷம்னு ஊருக்கே தெரியும். அண்ணைக்கு எல்லாரும் கஷாயம்னாங்க. தேன்தான்னு தெரிஞ்ச ஒரே ஆளு... அதுல விஷம் வச்ச ஆளு!"

"டாக்டரு அமுக்கினாரு! அதனாலதான் விழுந்தது!"

"நான் அமுக்கல்ல" என்றான் ரெனில். இந்தத் தடவை அவன் மறைக்கவில்லை. "அண்ணைக்கும் அமுக்கல்ல. இண்ணைக்கும் அமுக்கல்ல!"

ரெத்தினதாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். வாய் திறந்தது. காஞ்சிரங்குளத்தில் அப்பன் விட்டுப்போன நிலம். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. அண்ணனைக் கொன்ற பழி மைனி தலையில் விழுந்தால் அவளுக்கும் பங்கு கிடையாது. மிச்சம் ஒரே வாரிசு...

லீலாபாய் எழுந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அடிக்கவில்லை.

"எலே... கேட்டிருந்தா அவியளே எழுதித் தந்திருப்பாவளே, பாவி! உனக்குத் தராம அவிய என்னைக்காவது ஒரு வாய் தின்னதுண்டா?"

அவள் அழுகை ஸ்டேஷன் முழுக்கக் கேட்டது. ஒருத்தரும் தேற்றப் போகவில்லை. அழட்டும் என்று விட்டார்கள்.

"ஜீப்பு ரெடி" என்றாள் பிரசீதா. "முகம் கழுவுங்க. பெட்டி மூடுறதுக்கு முந்திப் போயிரலாம். நானும் வாறேன். எந்தச் சபைக்காரன் தடுக்கான்னு பாப்போம்!"

பிறகு ரெனிலிடம் திரும்பினாள். "உங்க டெஸ்ட் என்ன ஆகும் டாக்டரே?"

"இனி முதுகு மட்டும் பாப்பேன் மேடம். கையை விட்டுட்டேன்."

பிரசீதா விலங்கை எடுத்துக்கொண்டு ரெத்தினதாஸின் முன்னால் குனிந்தாள்.

"ரெண்டு கையையும் நீட்டும். தானா விழ வேண்டாம்... இந்தத் தடவை அமுக்குறது நானாக்கும்!"