உண்ணி இறங்கிய வெள்ளிக்கிழமை

மருந்து பட்ட உண்ணி செத்து விழ வேண்டும். இவையோ நடந்து போய்க்கொண்டிருந்தன. நாய் படுத்திருந்த மூலையிலிருந்து கிளம்பி, ரத்தம் குடித்து ஊதிப்போன சாம்பல் நிறக் கொட்டைகளாக, போர்டிகோவின் வெள்ளைச் சுவரில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. சித்ரா வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒழிந்தது பீடை என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நாய், பஞ்சு, அந்த வீட்டுக்கு வந்து நான்கு வருடம். சங்ககிரியில் சொந்த லாரி வைத்து ஓட்டும் சித்ராவின் கணவன் தீனதயாளன், மகள் யாழினியின் ஐந்தாவது பிறந்தநாளுக்குக் கொண்டுவந்தபோது அது இரண்டு கைக்குள் அடங்கும் குட்டி. பனிமலையில் வளர்கிற செயின்ட் பெர்னார்டு சாதி என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டான். இப்போது அது எழுபது கிலோ. அவன் பாட்டுக்கு லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று போய்விடுவான். பெருமை அவனுக்கு, பீ அள்ளுவது இவளுக்கு. கோழிக்கடையிலிருந்து வரும் தலையும் காலும் தினமும் பெரிய குண்டானில் கொதிக்கும். அந்த வீச்சம் அவள் நைட்டியில் ஏறி, கூந்தலில் ஏறி, அவள் பிசைந்து வாயில் வைக்கிற சோற்றிலும் வந்து உட்காரும். எல்லாவற்றையும் விட மோசம் அந்த எச்சில். கயிறு கயிறாகத் தொங்கும். நாய் தலையை ஒரு உதறு உதறினால் சுவரில், சுவிட்சில், காயப்போட்ட துணியில் போய் அப்பிக்கொண்டு பசையாகக் காயும். நான்கு வருடத்தில் அவள் அந்த வாயை ஒருமுறை கூடத் தொட்டதில்லை. யாழினியோ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் ரோமத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டால்தான் மற்ற வேலை.

வியாழக்கிழமை மகளுக்குத் தலை பின்னும்போது காதுக்குப் பின்னால் ஒரு உண்ணி இருந்தது. பிடுங்கியதில் நசுங்கி, சித்ராவின் விரலெல்லாம் ரத்தம். பிள்ளையின் ரத்தம். மறுநாளே பக்கத்துத் தோட்டத்து வசந்தாமணியிடம் போய், மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை வாங்கி வந்தாள். ஒரு வாளித் தண்ணீருக்கு அரை மூடி போதும், காயும்வரை நக்காதபடி நாயின் வாயைக் கட்டிவை, பிள்ளையைக் கிட்டவே விடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் வசந்தாமணி கொடுத்தாள். சித்ரா நான்கு மூடி ஊற்றினாள். கை தவறி ஊற்றவில்லை, அருவருப்பில் ஊற்றினாள். வாயைக் கட்ட வேண்டுமானால் அந்த எச்சிலைத் தொட வேண்டும். அதனால் கட்டவில்லை.

சுவரை வேடிக்கை பார்த்து முடித்து நாயின் பக்கம் திரும்பியபோதுதான், அதன் வயிறு ஏறி இறங்காமல் இருப்பதைக் கவனித்தாள். பாதி திறந்த கண்ணின் மேல் ஒரு எறும்பு குறுக்காக நடந்து போனது. இமை அசையவில்லை. விளக்குமாற்றின் அடியால் குத்திப் பார்த்தாள். மரக்கட்டையைக் குத்தியது போலிருந்தது. கால்களைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள், அவள் ஒருத்தியால் ஆகவில்லை. கடைசியில் ஒரு சாக்கை எடுத்துப் போர்த்திவிட்டு, பாம்பு கடித்துவிட்டதென்று பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். தான் கொன்றது மகளுக்குத் தெரியக் கூடாது. அது ஒன்றுதான் அப்போது அவளுக்குப் பயம்.

ஆனால் பள்ளிக்கூட வேன் முன்னதாகவே வந்துவிட்டது. சித்ரா கொல்லையிலிருந்து ஓடி வருவதற்குள் யாழினி சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு, ஈரம் காயாத அந்த ரோமத்தில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"பஞ்சு, எந்திரிடா. எந்திரி. நான் வந்துட்டேன்."

பத்து முறை, இருபது முறை. சித்ரா பாம்புக் கதையைச் சொல்ல வாயெடுத்த நேரத்தில் வால் தரையைத் தட்டியது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. பிறகு பஞ்சு எழுந்தது. நாய் என்றால் முன்னங்காலை ஊன்றித்தான் எழும். இது மாடு எழுவது மாதிரி முதலில் பின்பக்கத்தைத் தூக்கியது, தலை கடைசியாகத்தான் வந்தது. சித்ரா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். எல்லாச் சாமியையும் கும்பிட்டாள். அந்த நிம்மதியில், பிள்ளை நாயைக் கட்டிப்பிடித்த அதே கையோடு பொரி உருண்டையை எடுத்துக் கடித்ததை அவள் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் சுவர் சுத்தமாக இருந்தது. தரை சுத்தமாக இருந்தது. எங்கும் ஒரு சொட்டு எச்சில் இல்லை. இதற்குத்தானே நான்கு வருடமாக ஏங்கினாள்? ஆனால் பஞ்சுவின் வாய் உலர்ந்து, உதடு கருத்துச் சுருங்கியிருந்தது. பாறை வெடிக்கிற அந்த வெயிலில் அது மூச்சிரைக்கவே இல்லை. வைத்த கோழித்தலைகளில் ஒன்றை வாயில் வாங்கிக்கொண்டு நின்றது. மத்தியானம் பார்த்தபோதும் அதே தலை அதே வாயில் இருந்தது. மென்றிருக்கவில்லை, விழுங்கியிருக்கவில்லை. அதன் கொண்டையின் மேல் ஒரு பச்சை ஈ உட்கார்ந்து கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது. புளித்த கஞ்சியும் சாக்கடையும் கலந்ததுபோல ஒரு வாடை. சித்ரா சமையற்கட்டுக்குள் ஓடிப்போய் வாந்தியெடுத்தாள்.

பால் கொடுக்க வந்த வசந்தாமணி வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தாள். போர்டிகோவின் உச்சியில், விளக்கைச் சுற்றி, உண்ணிகள் கொத்தாக அடைந்திருந்தன.

"நாயி எப்ப செத்துச்சு அம்மிணி?"

"சாகலீங்க்கா. நல்லாத்தான் இருக்குது."

"சும்மா சொல்லாத. சூடு போன ஒடம்புல எந்தப் பூச்சியும் தங்காது. எங்கூட்டு மாடு செத்தப்பக்கூட எங்களுக்கு முந்தி உண்ணிக்குத்தான் தெரிஞ்சுது."

அப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து பஞ்சு வந்து நின்றது. வசந்தாமணி அதன் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். பிறகு பால் கேனை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

சாயங்காலம் யாழினி தலை வலிக்கிறதென்று படுத்தாள். இரண்டு முறை வாந்தி. உடம்பு கொதித்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. துடைக்கத் துடைக்கக் கடைவாயிலிருந்து கயிறாக இறங்கி, தலையணை நனைந்து போயிற்று. சித்ராவுக்குத் தெரியும். அந்த மருந்துதான். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன பட்டது, எப்படிப் பட்டது என்று கேட்பார்கள். தீனதயாளன் போனில் கூப்பிட்டபோது, எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க என்றாள். வெயில்தான், ரசம் கொடுத்தால் சரியாகிவிடும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் படுத்து மகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டேயிருந்தவள், எப்போதோ கண்ணயர்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் யாழினி எழவில்லை.

"சாமி, எந்திரி. எந்திரி கண்ணு."

தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை இப்படியும் அப்படியும் ஆடி நின்றது. மறுபடி கூப்பிட்டாள். கெஞ்சிக் கூப்பிட்டாள். தொண்டை கட்டும்வரை அந்த ஒரு சொல்லையே கத்தினாள். எந்திரி. எந்திரி.

பாயின் ஓரத்தில் விரல் தட்டியது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

யாழினி எழுந்தாள். முதலில் இடுப்பு எழுந்தது. தலை கடைசியாக வந்தது.

சித்ரா அவளை இழுத்து அணைத்து நெற்றியில் கன்னத்தை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று உரக்கச் சொன்னாள். வாயும் காய்ந்துவிட்டது. எச்சில் இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்த வீட்டில் பேன் பார்க்கிற நாள். மற்ற ஞாயிறு போலவே இந்த ஞாயிறும் இருக்கட்டும். பேன் சீப்பை எடுத்துக்கொண்டு போர்டிகோவுக்கு வந்தாள். மடியில் வெள்ளைத் துண்டை விரித்து, மகளை முன்னால் உட்கார வைத்தாள்.

பள்ளிக்கூடத்துப் பேன், போகிற பேனா அது. வாரந்தோறும் சீப்பை வைத்தாலே பிள்ளை ஊரைக் கூட்டுவாள். இன்று ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இன்னைக்கு அரிக்கவே இல்லம்மா."

சித்ரா இன்னும் சீப்பை வைக்கவில்லை.

பிடரியில் ஒன்று தெரிந்தது. தானாக வெளியே வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. காதோரம் மூன்று. பிறகு எண்ண முடியவில்லை. கழுத்து வழியாக, சட்டைக் காலர் தாண்டி, முதுகு வழியாக வரிசையாக இறங்கின. துண்டில் இறங்கின. துண்டில் நிற்கவில்லை. அவள் மடியின் சூட்டுக்கு வந்தன. முழங்காலில் ஏறின. கையில் ஏறின.

பக்கத்தில் பஞ்சு வந்து நின்றது. வாயில் அதே கோழித்தலை. யாழினி கையை நீட்டி அதைத் தடவினாள். இரண்டு பேருக்கும் மூச்சுச் சத்தம் இல்லை. போர்டிகோவில் கேட்ட மூச்சு ஒன்றுதான். அது சித்ராவுடையது.

ஊர்கிற ஒன்றைப் பிடித்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்தாள். கருஞ்சிவப்பாக, வயிறு நிறையக் குடித்திருந்தது. பிள்ளையின் ரத்தம். இன்னும் சூடாக இருக்கும்.

அவளால் நசுக்க முடியவில்லை. அதை எடுத்துத் தன் வகிட்டில் விட்டுக்கொண்டாள். பிறகு குனிந்து, கூந்தலை அவிழ்த்து மகளின் பிடரியோடு சேர்த்து வைத்து, மீதியும் ஏறி வருவதற்காகக் காத்திருந்தாள்.