மார்கழியில் வீடு பார்க்க வந்தவர்

ஆவுடைநாயகம் வீட்டு மாடிப் படியேறும்போதே உலகம்மாள் பேச ஆரம்பித்துவிட்டாள். கேட்க ஆள் இருந்தால்தான் பேசுவது என்ற வழக்கமே அவளுக்குக் கிடையாது. சிந்துபூந்துறையில் ஆற்றுக்குப் போகும் சந்தில் ஆறு வீடுகள் அடங்கிய வளவு ஒன்று அவளுக்குச் சொந்தம். ஜங்ஷன் கூப்பிடு தூரம், வாடகையும் கையைக் கடிக்காது. அதனால் ஓட்டல் வேலைக்காரர்களும் லாரி ஷெட் ஆட்களும் அங்கே நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள்.

"அண்ணாச்சி, எங்கம்மை சீதனமாக் குடுத்த பித்தளை அண்டாவைக் காணும்! காலியாக் கெடக்க கடைசி வீட்டுப் பரண்ல வச்சிருந்தேன். போன ஞாயித்துக்கெழமை ஒருத்தன் வீடு பார்க்க வந்தான். நோட்டம் பார்த்துட்டு ராத்திரி வந்து தூக்கியிருக்கான். நாளைக்கும் வாரேன்னு சொல்லியிருக்கானாம். வளவுப் பயலுவ கம்பும் கையுமா நிக்கானுவ. அடிச்சுக் கையைக் காலை ஒடிச்சுட்டா எனக்குல்லா போலீஸு, கோர்ட்டு?"

ஆவுடைநாயகம் வெற்றிலைச் செல்லத்தை மூடி வைத்தார். கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கப் பொய்ச்சாட்சி எழுதி எழுதி, பொய் வரும் வழி அவருக்கு அத்துப்படி. தெருவில் ஏதாவது காணாமல் போனால் போலீசுக்கு முன்னால் அவரிடம்தான் வருவார்கள். கீழே கைக்கடிகாரம் பழுது பார்க்கும் நூர்முகம்மதுவுக்கோ, வழக்கு வாசனை அடித்தால் போதும். கடையைப் பாதியில் சாத்திவிட்டு இதோ வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அண்டாவைத் திருடினவன் திரும்பவும் அதே வீட்டுக்கு வருவானா, உலகம்மா?"

"அம்புட்டுத் துணிச்சல்ங்கேன்! பேரு ஐயம்பெருமாளாம். வெள்ளை வேட்டி, பதனமான பேச்சு. பொண்டாட்டி இருக்காளாம், ஆறாங்கிளாஸ் படிக்க மக இருக்காளாம். மக உக்காந்து படிக்க சன்னல் வெளிச்சம் பத்துமான்னு கேட்டான். ஆத்துல வெள்ளம் வந்தா இங்கன வரைக்கும் ஏறுமான்னு கேட்டான். நான் போட்டுக் குடுத்த காப்பியை வேற குடிச்சான், பாவி!"

"வாடகை எவ்வளவுன்னு கேட்டாரா?"

"கேக்கலியே."

"வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வந்தாரா?"

"இல்ல, தனியாத்தான்."

"அதுவும் மார்கழியில," என்றார் ஆவுடைநாயகம், தனக்குத்தானே.

அன்று மத்தியானமே மூவரும் வளவுக்குப் போனார்கள். வீட்டுத் தரகர் வன்னியராஜ் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். ஐப்பசியில் பழைய ஆட்கள் காலி செய்துபோன அன்றைக்குத்தான் உலகம்மாள் அண்டாவைக் கடைசியாகப் பார்த்தது. அன்றிலிருந்து சாவி தரகரிடம்தான். தரகர் படபடவென்று பேசினார்.

"நான்தான் அண்ணாச்சி வீட்டைக் காட்டினேன். பரண்ல இருந்த அண்டாவை அந்த ஆளு முறைச்சு முறைச்சுப் பார்த்ததை என் ரெண்டு கண்ணால பார்த்தேன். அப்பவே எனக்குச் சந்தேகம். நாளைக்கு வரட்டும், பயலுவள்ட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

ஆவுடைநாயகம் பரணை அண்ணாந்து பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. பரணின் வாயில், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒட்டடை திரையாகத் தொங்கியது. நூர்முகம்மது துடைப்பத்தைத் தேடினார். "தொடாதிய பாய், அப்படியே இருக்கட்டும்," என்று தடுத்துவிட்டு ஆவுடைநாயகம் வெளியே வந்தார். பிறகு, இந்த ஆள் வேறு எங்காவது வீடு பார்த்ததுண்டா என்று விசாரிக்க நூர்முகம்மதுவை மற்ற தெருக்களுக்கு அனுப்பினார்.

பொழுது சாய நூர்முகம்மது மூச்சு வாங்கத் திரும்பினார். "அண்ணாச்சி, கள்ளன் சிக்கிட்டான்! மீனாட்சிபுரத்துல மூணு வருசத்துக்கு முந்தி வீடு பார்த்திருக்கான். கைலாசபுரத்துல போன வருசம். எங்கயும் குடி போகல. எல்லா இடத்துலயும் ஒரே கதை, வெள்ளம் ஏறுமான்னு ஒரே கேள்வி. பொண்டாட்டி பேரு வேணி, மக பேரு மதுமதி, ஆறாங்கிளாஸ். மூணு வருசமா ஆறாங்கிளாஸ்! பொய்யை மனப்பாடம் பண்ணியிருக்கான்."

"பொய் சொல்லுதவன் வருசத்துக்கு ஏத்தாப்ல கிளாஸை மாத்திருப்பான் பாய்," என்றார் ஆவுடைநாயகம். வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து ஒன்றை மடிக்க ஆரம்பித்தார். நூர்முகம்மதுவுக்கு அன்று ராத்திரி தூக்கம் போயிற்று.

மறுநாள் காலையில் ஐயம்பெருமாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையைப் படிய வாரியிருந்தார், நெற்றியில் திருநீறு. பெண் பார்க்கும் வீட்டுக்கு வருகிறவரைப் போலக் கூச்சத்தோடு சந்துக்குள் நுழைந்தவரை இளவட்டங்கள் வளைத்துக்கொண்டார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்தே விட்டான்.

"கையை எடுலே!" ஆவுடைநாயகத்தின் குரல் அவ்வளவு உயரும் என்று நூர்முகம்மதுவுக்கே தெரியாது. "எல்லாரும் கடைசி வீட்டுக்கு வாங்க. வன்னியராஜ், நீரும் வாரும்."

எல்லோரையும் பரணுக்கு அடியில் நிற்க வைத்தார். "அண்டா எம்புட்டு அகலம், உலகம்மா?"

அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"போன வாரம் அதை இந்தப் பரண்ல இருந்து இறக்கியிருந்தா, இந்த ஒட்டடை இப்படி முழுசாத் தொங்குமா? ஒரு வாரத்துல கட்டின ஒட்டடை மாதிரியா இருக்கு? தூசி அப்பிக் கெடக்கு. அண்டா போய் ரொம்ப நாளாச்சு. அப்படி இருக்கையில, போன ஞாயித்துக்கெழமை இவரு அதை முறைச்சுப் பார்த்ததை நீரு எப்படிவே பார்த்தீரு?"

 சாவி இருந்த இடுப்பில் வன்னியராஜின் கை தானாகப் போயிற்று. "அக்கா, மன்னிச்சிரு," என்று உலகம்மாள் காலில் விழுந்தார். டவுன் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டாராம். எவராவது வீடு பார்க்க வந்தால் பழியை அவர் தலையில் போடலாம் என்று காத்திருந்தாராம். தூக்கிய கம்புகள் இறங்கின.

அதோடு முடிந்திருக்கும். உலகம்மாள்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அப்போ இந்த மனுசன் எதுக்குத்தான் தெருத்தெருவா வீடு பார்த்துட்டு அலையுதாரு?"

ஐயம்பெருமாள் ஆவுடைநாயகத்தை நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்று கெஞ்சிய அந்தப் பார்வை ஆவுடைநாயகத்துக்குப் புரியாமல் இல்லை. ஆனால் காலமெல்லாம் வக்கீல்களின் வாதத்தை எழுதியே கழித்தவர் அவர். தன் வாதம் என்று ஒன்று கிடைத்தபோது அதைப் பாதியில் நிறுத்த மனம் வரவில்லை.

"அடுக்களையைப் பொம்பளை பார்க்காம யாரு வீடு புடிக்கா? மார்கழியில வீடு பார்க்கக் கெளம்பினா, எந்த வீட்டுக்காரி வாசப்படி தாண்ட விடுவா? இவரைத் தடுக்க வீட்ல பொம்பளை இல்ல. வாடகை கேக்கல, ஏன்னா வீடு வேண்டாம். வெள்ளம் ஏறுமான்னு மட்டும் எல்லாத்துட்டயும் கேட்டிருக்காரு. ஆறாங்கிளாஸ்ல நின்னுபோன அந்தப் பிள்ளை, இந்த ஆத்துல வந்த தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல போயிட்டா. அவ அம்மையும் போயிட்டா. முன்னப்பின்ன தெரியாத ஆள்ட்ட, 'பொண்டாட்டி என்ன செய்யுதா, மக என்ன படிக்கா'ன்னு நாம எப்போ கேப்போம்? வீடு வாடகைக்குப் பார்க்க வந்தாத்தான் கேப்போம். அதைச் சொல்லத்தான் இவரு வாராரு."

 நூர்முகம்மது தலையைக் குனிந்துகொண்டார்.

"ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஆத்தோரத்துல இருந்தோம்," என்றார் ஐயம்பெருமாள் மெதுவாக. "பிள்ளை படிப்புக்காக இங்கன வந்திரலாம்னு வேணி சொல்லிக்கிட்டே இருந்தா. வீடும் பார்த்தாச்சு. ஐப்பசி முடிஞ்சு கார்த்திகை பிறக்கட்டும், நல்ல நாளாப் பால் காய்ச்சலாம்னு இருந்தோம். வெள்ளம் வந்த அன்னைக்கு நான் வேலையா இங்கன வந்திருந்தேன். நாங்க நாள் பார்த்தோம், ஆத்துத் தண்ணி நாள் பார்க்கலியே."

உலகம்மாள் வாய்விட்டு அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த வீட்டை நீங்களே எடுத்துக்கிடுங்க. தனி ஆளுன்னு நான் பார்க்க மாட்டேன்," என்றாள்.

"தனியாக் கெடக்கதுக்கு எனக்கு ஒரு ரூம் இருக்கும்மா." ஐயம்பெருமாள் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

ஆவுடைநாயகம் சந்து முனைவரை பின்னாலேயே போனார். "கோவிச்சுக்கிடாதிய. அடிச்சுக் கொன்னிருப்பானுவ."

"அடி ஆறிப்போகும் அண்ணாச்சி. ஆறினதும் பாளையங்கோட்டைப் பக்கம் வீடு பார்க்கப் போயிருப்பேன். எம் மவ ஆறாங்கிளாஸ் படிக்கான்னு சொல்லியிருப்பேன், கெட்டிக்காரியான்னு கேட்டிருப்பாவ. இனி தரகமாருக்கெல்லாம் தெரிஞ்சு போவும், கதவைத் திறந்ததுமே பாவம்னு பார்ப்பாவ. இனிமே அவளைப் பத்தி யாரு என்ட்டக் கேப்பா?"

அவர் பாலத்தை நோக்கிப் போய்விட்டார். ஆவுடைநாயகம் அங்கேயே நின்றார். நூர்முகம்மது வந்து தோளைத் தொட்டபோதுதான் திரும்பினார்.

"அண்டாவோட நிறுத்தியிருக்கணும், பாய்," என்றார்.