படிகார ஜாடியில் ஒரு தூரிகை

நாற்பத்தொரு நாள் பாடுபட்டு வளர்த்த கல்லை யாரோ எடுத்துத் துடைத்து ஜன்னலில் மாட்டியிருந்தால், எந்த மனுஷனுக்குத்தான் கோபம் வராது?

சயின்ஸ் வாத்தியாருக்கு வந்தது. மூக்கு நுனியில் தொடங்கி இரண்டு காது மடலும் சிவந்துபோயின. பிள்ளைகள் அவனுக்கு ‘லிட்மஸ்’ என்று பட்டப்பெயர் வைத்ததே இதனால்தான். அமிலம் பட்டால் சிவக்கும் அந்த நீலக் காகிதத்துக்கும் அவனுக்கும் அதிக வித்தியாசமில்லை.

வெளியே சோவென்று மழை. குடைக் கம்பி மடங்கி, ஒரு தோள் முழுக்க நனைந்து ஆய்வகத்துக்குள் நுழைந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். வெள்ளிக்கிழமை மதியம் காலியாகக் கிடக்க வேண்டிய அறை அது. உள்ளே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர். பர்னருக்குப் பக்கத்தில் பச்சை வர்ணம், தராசுத் தட்டில் மஞ்சள். நடு மேசையில் அவனுடைய பெரிய கண்ணாடி ஜாடி... அதற்குள் ஒரு தூரிகை. ஜாடித் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தது.

“இது... இது யார் வேலை?”

“என் வேலைதான் சார்.” தூரிகையை எடுத்து உதறிவிட்டு நிமிர்ந்தாள் அவள். “டிராயிங் மிஸ். வேலைக்குச் சேர்ந்து மூணு நாள் ஆச்சு. எங்க ரூம்ல மேல இருந்து தண்ணி ஒழுகுது. இங்க வந்து உக்காந்துக்கச் சொல்லி ஹெச்.எம். மேடம்தான் சொன்னாங்க.”

“அந்த ஜாடியில என்ன இருந்துச்சு தெரியுமா?”

“தண்ணிதானே?”

“தண்ணியா! படிகாரக் கரைசல்! அதுல நூல்ல கட்டி ஒரு கல்லு தொங்கிட்டிருந்துச்சே...”

“ஓ, அதுவா? யாரோ ஊறப்போட்டுட்டு மறந்துட்டாங்கன்னு நினைச்சேன் சார். நல்லாத் துடைச்சு ஜன்னல்ல மாட்டியிருக்கேன். அழகா இருக்குல்ல?”

பின்வரிசையில் ஒரு பிள்ளை கிளுக்கென்று சிரித்தது. அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.

“ஊறப்போட இது என்ன கொண்டைக்கடலையா? படிகம்ங்க அது! நாப்பத்தொரு நாளா காத்து படாம, கை படாம வளர்த்தேன். அடுத்த வாரம் கண்காட்சி!”

அவளுக்கு உண்மையிலேயே பகீரென்றது. ஆனால் முப்பது பிள்ளைகள் முன்னால் திட்டு வாங்கிக்கொண்டு சும்மா நிற்கவும் மனம் வரவில்லை.

“தப்புதான் சார், மன்னிச்சுக்குங்க. ஆனா... ஜாடி மேல ஒரு லேபிள் ஒட்டியிருக்கலாமே?”

‘லேபிள் ஒட்டு, லேபிள் ஒட்டு’ என்று வருஷம் முழுக்கப் பிள்ளைகளின் காதில் ஓதுகிறவன் அவன்தான். வகையாக மாட்டிக்கொண்டான். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போது அவளுடைய இடது கண் மட்டும் கொஞ்சம் சின்னதானது. இத்தனை கோபத்திலும் அதைக் கவனித்துத் தொலைத்தான்.

திங்கட்கிழமை காலையில் அவளே அவனைத் தேடி வந்தாள். வரக்கூடாது என்றுதான் இருந்தாள். வேறு வழியில்லை... பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை.

“சார், ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன். படமெல்லாம் பூத்திருக்கு.”

“பூத்திருக்கா?”

ஆய்வகத்தின் குறுக்கே கட்டிய கயிற்றில் முப்பது மழைப் படங்கள் தொங்கின. ஜாடித் தண்ணீரில் வர்ணம் கலந்தவை. வெள்ளிக்கிழமை வெறும் நீலமாக இருந்த தாளில் இப்போது பளிச் பளிச்சென்று கண்ணாடிப் பொடி. தண்ணீர் உலர்ந்துபோய்ப் படிகாரம் மட்டும் தாளில் தங்கியிருந்தது. வரைந்த மழை உண்மை மழை மாதிரி மின்னியது.

எப்போதும் கேள்வி கேட்டே ஆளைக் கொல்லும் ஒரு ரெட்டை ஜடைக்காரி இரண்டு படங்களைக் கையில் பிடித்திருந்தாள். “சார், இவ படத்துல பொடிப்பொடியா இருக்கு. என் படத்துல மட்டும் இவ்ளோ பெரிசு பெரிசா இருக்கே, ஏன்?”

“இவ படம் எங்க தொங்குச்சு?” என்றான் அவன்.

“ஃபேனுக்குக் கீழ.”

“உன் படம்?”

“அந்த மூலையில. எடமே கிடைக்கல சார்.” சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். கண்கள் விரிந்தன. “சார்... இவளோடது சீக்கிரம் காஞ்சிருச்சு. என்னோடது மெதுவாக் காஞ்சுது. மெதுவாக் காஞ்சா பெரிசா வளருமா?”

அவன் இரண்டு படங்களையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ‘மெதுவாக உலர்ந்தால் படிகம் பெரிதாகும்.’ ஆறு வருஷமாக இந்த ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறான். பிள்ளைகளும் எழுதிக்கொண்டு, பரீட்சையில் கக்கிவிட்டு, மறந்துபோகிறார்கள். ஒரு பிள்ளை அதைத் தானே கண்டுபிடித்து அவனிடம் வந்து சொல்வது இதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு டிராயிங் படத்தைப் பார்த்து!

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் டிராயிங் வகுப்பும் சயின்ஸ் வகுப்பும் ஒன்றாகிவிட்டன. யாரும் திட்டம் போடவில்லை... அதுவாக நடந்தது. அவன் புதிதாக ஒரு ஜாடியில் கரைசல் ஊற்றிக் கல்லை மறுபடி தொங்கவிட்டான். இந்தத் தடவை பெரிய எழுத்தில் லேபிள். அவள் சிரித்தாள். இடது கண் சின்னதானது. கண்காட்சிக்குப் படிகத்துக்குப் பதிலாகப் பிள்ளைகளின் மழைப் படங்கள் போயின.

“நீங்களும் வரைங்க சார்” என்று ஒருநாள் பென்சிலை நீட்டினாள்.

“எனக்கு வரைய வராதுங்க.”

“கல்லைத்தானே வரையச் சொல்றேன்? நீங்க பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டதாச்சே!”

வரைந்தான். எட்டு முகமும் அளவெடுத்தாற்போல், பாடப்புத்தகத்தில் இருப்பது மாதிரியே. அவள் தாளை வாங்கி ஜாடிக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

“இது உங்க கல்லு இல்ல சார், புத்தகத்துக் கல்லு. தெரிஞ்சத வரையாதீங்க... கண்ணுக்குத் தெரியறத வரைங்க.”

குனிந்து பார்த்தான். உண்மைதான். கல்லின் ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. கண்ணாடிச் சுவரை ஒட்டித் தொங்கியதால் அந்தப் பக்கத்துக்குக் கரைசல் சரியாகக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. தினமும் அதன் முகத்தில்தான் விழிக்கிறான். ஒருநாளாவது கண்ணில் பட்டதா?

‘இவ்வளவு நாளா நான் என்னத்தைப் பார்த்தேன்?’ என்று அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

டிராயிங் மிஸ் வீட்டில் அவளுடைய அக்கா ஜாடையாகக் கேட்டாள். அக்காவுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. வாயைத் திறக்க வைப்பது அவளுக்குக் கைவந்த கலை.

“ஏன்டி, சாப்பாட்டுல பாதி நேரம் லிட்மஸ் புராணம்தான் ஓடுது. என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்லக்கா. கூட வேலை பார்க்கறவர்.”

“ஓஹோ! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற. மறை, மறை.”

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அவளும் இரண்டு வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அப்புறம் ஹெச்.எம். கூப்பிட்டு அனுப்பினார்.

சுற்றி வளைத்துப் பேசுகிறவரில்லை ஹெச்.எம். “அடுத்த மாசத்துல இருந்து ஏழு, எட்டு ரெண்டுக்கும் டிராயிங் கிடையாதும்மா. அந்த பீரியடெல்லாம் சயின்ஸுக்குப் போகுது. நிர்வாகம் ஒத்துக்கிட்டாங்க. உங்க வேலை தற்காலிகம்தானே... இந்த மாசக் கடைசியோட முடிச்சுக்கலாம்.”

அவளுக்கு இது மூன்றாவது பள்ளிக்கூடம். போன இரண்டு இடத்திலும் இதே பேச்சுத்தான். இந்த இடமும் போனால், இனிமேல் படம் சொல்லிக்கொடுக்கும் வேலையே வேண்டாம் என்று அக்காவிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். மேசை மேல் ஒரு கடிதம் திறந்து கிடந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஜாடியில் லேபிள் எழுதிய அதே கை.

‘ஓவிய வகுப்பு பிள்ளைகளுக்கு வெறும் பொழுதுபோக்கு. அந்த நேரத்தை அறிவியலுக்கு ஒதுக்கினால் வீணாகாது.’

தேதி, பள்ளி திறந்த முதல் வாரம். அவளை அவன் பார்ப்பதற்கு முன்னால் எழுதியது. அது அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்தாலும் அந்த ‘வெறும்’ சுருக்கென்று தைத்தது. இத்தனை வெள்ளிக்கிழமை பக்கத்தில் நின்றானே... ஒரு வார்த்தை சொன்னானா?

மறுநாள் நடையில் எதிரே வந்து, “மிஸ், இன்னிக்குக் கல்லைப் பார்த்தீங்களா?” என்றான்.

“பொழுதுபோக்கெல்லாம் எனக்கு நேரமில்ல சார்.”

அது அவன் கடிதத்து வார்த்தை. காது சிவக்கவில்லை. வெளுத்தது.

“போய் நேரா கேட்டுடேன்டி” என்றாள் அக்கா.

“நான் ஏன் கேக்கணும்? வீணாக்கறவகிட்ட அவருக்கு என்ன பேச்சு?”

“வீம்புக்கு ஒரு அளவு இல்லையா?”

இல்லைதான். அதன் பிறகு அவன் இருக்கும் பக்கம்கூட அவள் திரும்பவில்லை. அவனும் சமாதானம் பேச வரவில்லை. ‘வெறும் வாயால மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகுது? போன பீரியட் திரும்பி வருமா?’ என்று அவனுக்குத் தோன்றியது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வழி... சோதித்துப் பார்ப்பது. ஏழாம் வகுப்பின் இரண்டு பிரிவுக்கும் ஒரே கேள்வியை வைத்தான். ஒரு பிரிவு அவளோடு படம் வரைந்தது. இன்னொன்று வரையாதது. விடைத்தாள்களைத் திருத்தி எடுத்துக்கொண்டு ஹெச்.எம். அறைக்குப் போனான்.

“மேடம், டிராயிங் பீரியட் எனக்கு வேணாம்.”

ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றினார். “கேட்டீங்க, குடுத்தேன். இப்ப வேணாங்கறீங்க. இது என்ன சட்டைக் கடையா, வாங்கிட்டுப் போய் மாத்திக்கறதுக்கு?”

“நான் எழுதினது தப்பு மேடம்.” இந்த நாலு வார்த்தையைச் சொல்ல அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். “வரையாத பிரிவுல எல்லாருமே புத்தகத்து வரியை அப்படியே எழுதியிருக்காங்க. ‘ஏன்’னு கேட்ட இடத்துல நாலு பேர்தான் வாயைத் திறந்திருக்காங்க. வரைஞ்ச பிரிவுல இருபத்தாறு பேர் சொந்தமா எழுதியிருக்காங்க, படத்தோட. ஒரு பிள்ளை, நான் சொல்லித் தராததைக்கூட எழுதியிருக்கா. அவங்க உக்காந்து பார்த்திருக்காங்க மேடம். பார்க்கறதுக்கு நான் சொல்லித் தரல. டிராயிங் மிஸ்தான் சொல்லித் தந்தாங்க... எனக்கும் சேர்த்து.”

“நிர்வாகத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“டிராயிங் பீரியட் அங்கேயே இருக்கட்டும். என் பீரியட்ல வாரத்துக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நடத்தறோம்.”

ஒரு வாத்தியார் தன் பீரியடைத் தானே விட்டுக்கொடுப்பதாவது! ஹெச்.எம். தன் இருபது வருஷ சர்வீசில் கேள்விப்படாத செய்தி அது. விடைத்தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நிர்வாகத்திடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லி, அதையும் எழுத்தில் கேட்டார்.

மாசக் கடைசி நாள். மறுபடி மழை. தூரிகைகளையும் வர்ணப் பெட்டியையும் எடுத்துப்போக அவள் ஆய்வகத்துக்கு வந்தாள். அவன் இருந்தான்.

“எடுத்துட்டுப் போயிடறேன் சார். உங்க எடத்தை அடைச்சுக்கிட்டிருக்கு.”

“போக வேணாம் மிஸ்.” ஒரு தாளை மேசையில் வைத்தான். அவன் எழுதிய கடிதத்தின் நகல். கீழே ஹெச்.எம். கையெழுத்து, அன்றைய தேதி. “இப்பத்தான் வந்துச்சு. டிராயிங் இருக்கு. உங்க வேலையும் இருக்கு.”

நின்றபடியே படித்தாள். ‘நான் முன்பு எழுதியது தவறு’ என்ற முதல் வரியை இரண்டு தடவை படித்தாள். எழுத்து கலங்கியது.

“அந்த லெட்டரைப் பத்தி முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே...”

“வெக்கமா இருந்துச்சுங்க. எழுதினதே மறந்துபோச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஞாபகம் இருந்துச்சு. அதான் வாய் வரல.”

அவள் கையிலெடுத்த வர்ணப் பெட்டியை மறுபடி மேசையில் வைத்தாள். அது இடித்து, அங்கே கிடந்த அவனுடைய நோட்டு ஒன்று விரிந்துகொண்டது. புரட்டினாள். பக்கம் பக்கமாக அவனுடைய கல். ஒவ்வொரு நாளும் தேதி போட்டு வரைந்திருந்தான். சப்பையான பக்கம் உட்பட எல்லாம் உள்ளது உள்ளபடி. கடைசிப் பக்கத்தில் மட்டும் கல் இல்லை. ஒரு முகம் இருந்தது. அவள் முகம்.

அவனுடைய காது மடல் சிவக்கத் தொடங்கியது.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு டீச்சர் குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னாள். “தப்பா வரைஞ்சிருக்கீங்க சார். கண்ணு ரெண்டும் ஒரே அளவா இருக்கு. சிரிச்சா என் இடது கண்ணு சின்னதாயிடும்.”

“தெரியும். முதல் நாளே பார்த்துட்டேன்.”

“அப்புறம் ஏன் வரையல?”

“தெரிஞ்சத வரையாதே, கண்ணுக்குத் தெரியறத வரைன்னு நீங்கதானே சொன்னீங்க?” அவன் குரல் தழைந்தது. “பதினோரு நாளா நீங்க சிரிக்கவே இல்ல மிஸ்.”

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் அடக்குவது என்று தெரியவில்லை.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க” என்றான் அவன். “ரொம்ப நாளா.”

மூக்கு, கன்னம், காது... எல்லாம் சிவந்துபோய் நின்றான்.

“கோபமா சார்?”

“இல்லைங்க.”

“எனக்கும் இல்ல.” கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். “எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. அக்காகிட்டதான் இன்னும் ஒத்துக்கல.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இடது கண் சின்னதானது.

“ம்... இப்பத் தெரியுதா? பென்சிலை எடுங்க.”

“கொஞ்சம் நேரமாகுமே...”

“ஆகட்டும் சார்” என்றாள். “மெதுவாவே வரைங்க.”