ஏ கம்பிக்குக் கட்டிய ரப்பர் பேண்டு

2006 மே மாதம், பகல் மூன்று மணி. உழவர்கரையில் ஜாக்லின் மதாம் வீட்டு மணியை அடித்தேன். என் பேஸ் கிட்டாரை முந்தின நாள்தான் வேன்காரன் ரிவர்ஸ் எடுத்து நசுக்கியிருந்தான். மறுநாள் கலியாணப் பூசை. மாதா கோயிலில் என் மனைவி ஜாஸ்லின் முதல்முறையாகத் தனியாகப் பாடப்போகிறாள். அந்த ஒரு பாட்டுக்காக இரண்டு மாதமாக அவள் ஐஸ் தண்ணீர்கூடத் தொடவில்லை. கூட வாசிப்பவன் நான். மதாமின் அண்ணன் வின்சான் செத்தபிறகு அவருடைய கிட்டார் சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன்.

மதாம் பெட்டியைத் திறந்தார். பூட்டிவைத்த பீரோ வாடையோடு ஈரத்துணி நாற்றமும் அடித்தது.

"ஏ கம்பி தானா அதிரும் அமலநாதன். அதிரட்டும். அத அடக்காதீங்க."

"இது ஒரு மேட்டரா மதாம்? பக்கத்துக் கம்பிய வாசிச்சா இதுவும் கூடச் சேந்து முனகும். எல்லா பேஸ்லயும் இருக்கறதுதான். எதையாவது கட்டிப்போட்டா சரியாயிடும்."

"அண்ணன் தன் கைக்குட்டையக் கட்டினாரு. அப்புறம் ரெண்டு வருஷம், சாவுற வரைக்கும், அவருக்குப் பேச்சே வரல."

பாவம், வாதம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் ஏ கம்பிக்குப் பக்கத்து டி கம்பியைத் தட்டினேன். ஏ கம்பி கூடவே முனகியது. டி கம்பியைப் பொத்தினேன். ஏ நிற்கவில்லை. அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். நின்றது. கையை எடுத்தேன்.

யாரும் தொடாமலே மறுபடி ஆரம்பித்தது.

ஆம்ப்ளிபயர் ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். அப்போதும் முனகியது.

"ஏங்க, என்னங்க அது? யாரோ அழற மாதிரி இருக்கு." ஜாஸ்லின் கரண்டியும் கையுமாக வந்தாள்.

"கம்பிதான். உன் தலை ரப்பர் பேண்ட கழட்டிக் குடு."

கொடுத்துவிட்டு, நாளைக்குரிய பாட்டைப் பாடிக்கொண்டே சமையற்கட்டுக்குப் போனாள். கருப்புத் துணி சுற்றிய ரப்பர் பேண்டு. அவள் முடி இரண்டு அதில் சிக்கியிருந்தது. கிட்டார் கழுத்தின் உச்சியில், நாலு கம்பியையும் சேர்த்து இரண்டு சுற்று சுற்றினேன். வாசிக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான்.

முனகல் அறுந்தது.

சமையற்கட்டில் பாட்டும் அறுந்தது.

"பாத்தியா, ஒரு நிமிஷ வேல!" என்று பெருமையாகக் கத்தினேன்.

எட்டிப் பார்த்தேன். ஜாஸ்லின் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது.

ஐயோ, பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்! ஓடிப்போய் ரப்பர் பேண்டை இழுத்தேன். வரவில்லை. யாரோ உள்ளிருந்து இழுத்துப் பிடித்ததுபோல் இருந்தது. பிளேடால் அறுத்தேன். என் விரலும் சேர்ந்து கிழிந்தது.

"ஏங்க..."

குரல் வந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எனக்கு வெட்கமே இல்லை.

மறுநாள் அவள் பாடியபோது கோயிலே திரும்பிப் பார்த்தது. கிட்டாரும் சுத்தமாகப் பேசியது. ஏ கம்பி ஒரு தடவைகூட முனகவில்லை. மாதா காப்பாற்றிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் கிட்டாரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஜாஸ்லினும் வண்டியில் வந்தாள். மதாம் டி கம்பியைத் தட்டிவிட்டுக் காத்திருந்தார். ஏ கம்பி சும்மா இருந்தது. அவர் முகம் வெளுத்தது.

"எங்க போச்சு அது?"

"சரிபண்ணிட்டேன் மதாம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஜாஸ்லினைப் பார்த்தார். மறுபடி டி கம்பியைத் தட்டினார்.

என் முதுகுக்குப் பின்னால் அந்த முனகல் கேட்டது.

திரும்பினேன். ஜாஸ்லின் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

மதாம் அவசரமாகக் கம்பியைப் பொத்தினார்.

முனகல் நிற்கவில்லை.